பன்னிரண்டு துண்டுகள்

மகன்,

உன் படம் கிடைத்தது. வெள்ளை மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் கண்ணாடிச் சுவர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சின்னதொரு வில்லையைப் பிடித்து, அதற்கூடாக எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாய். அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததாம். அடியில் நீயே எழுதியிருந்தாய்: "அம்மா, எல்லாருக்கும் காட்டுங்கோ." நான் ஒருவருக்கும் காட்டவில்லை. அதற்குள் நீயே எல்லாருக்கும் அனுப்பிவிட்டாய் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லா வளர்த்திருக்கிறீங்கள், ரீச்சர்" என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே பாத்ரூமுக்குள் ஓடி, காலையில் குடித்த தேத்தண்ணி முழுவதையும் வாந்தி எடுத்தேன். மேல்மாடி டொக்டர் பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் பித்தம் என்றாள். பித்தம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதைத் தாளில் எழுதுகிறேன். தொலைபேசியில் கதைத்தால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று என்னைத் தடவிக்கொடுத்து முடித்துவிடுவாய். கீழே கொமியூனிகேஷன் கடையில் ஸ்கான் பண்ணி அனுப்புகிறேன். கடைக்காரர் வாசித்தாலும் வாசிக்கட்டும். இனி ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். கண்டதைக் கண்டபடி எழுது என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். சொந்தப் பிள்ளைக்கு வந்தபோது அதை விழுங்கினேன். ஆகவே இந்தக் கடிதத்தில் உன்மேல் எனக்கு இருக்கிற அருவருப்பும் என்மேல் எனக்கு இருக்கிற அருவருப்பும் கலந்துதான் வரும். நீயே பிரித்துக்கொள்.

உனக்கு நினைவிருக்கும், அருவருப்பு என்ற சொல்லை இந்த வீட்டில் முதலில் பாவித்தவள் நான்தான், அது உன் உடுப்புக்காக. ஆய்வு தொடங்கிய முதல் வருடம் நீ வீட்டுக்கு வரும்போது உன்னோடு ஒரு நாற்றமும் வரும். அழுகிய வெங்காயம், கெட்ட முட்டை, அதற்கு மேல் ஏதோ எரிந்த றப்பர். காலி வீதி பஸ்ஸில் உனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒருநாள் உன் ஆய்வுகூட உடுப்பை வாளியில் ஊறப்போட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மாடி முழுவதும் கூக்குரல். செக்யூரிட்டி ஐயா மூச்சு வாங்க ஓடிவந்தார். "நோனா, கேஸ் லீக் வெனவா!" காஸ் கசிகிறதாம். எல்லா வீட்டிலும் சிலிண்டரைப் பூட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்குகிறார்கள். சமையல் வாயு கசிந்தால் மணக்க வேண்டுமென்று அதற்குள் கலக்கிற கந்தகச் சேர்வையும் உன் சட்டையில் இருந்ததும் ஒரே குடும்பம் என்று நான் யாருக்கு விளங்கப்படுத்துவது? வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, அருவருப்பு" என்று உன்னை ஏசினேன். ஆனால் உள்ளுக்குள் பெருமை. அந்த நாற்றத்துக்குள் உழைப்பு இருந்தது. இப்போது உன் படத்தில் மேலங்கி பால் போல இருக்கிறது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்கு முறையாகச் சொல்லித்தந்தது நீ இல்லை, நஸ்லியா. உன்னோடு ஒரே மேசையில் வேலைசெய்த மாளிகாவத்தைப் பிள்ளை. முதன்முதல் இந்த வீட்டுக்கு வந்தபோது சமையலறையிலேயே நின்று, ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் கரண்டியைச் சாய்த்து வைத்து, "அன்ரி, நீங்க டீச்சர், நான் சொல்லத் தேவையில்ல" என்று சொல்லிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். தண்ணீருக்குள் கரண்டி முறிந்தது போலத் தெரிகிறது அல்லவா, அந்த முறிவின் அளவுதான் முறிவுச் சுட்டி. எந்தப் பொருள் ஒளியைக் கூட வளைக்கிறதோ, அதில் செய்த வில்லை மெல்லிசாக இருந்தாலும் போதும். கைத்தொலைபேசிக் கமராவுக்கும் மின்திரைகளுக்கும் அப்படிப்பட்ட பிளாஸ்டிக்குத்தான் உலகம் அலைகிறது. பிளாஸ்டிக்கில் அந்தச் சுட்டியை உயர்த்தக் கந்தகம் நல்லது. ஆனால் கந்தகம் கூடினால் நாறும், சில வேளை மஞ்சளாகும், சில வேளை நொறுங்கும். எல்லாவற்றையும் தாண்டி, கண்ணாடியை விடக் கூட ஒளியை வளைக்கிற, பளிங்கு மாதிரித் தெளிந்த ஒரு பல்பகுதியத்தை, ஒரு புதுப் பிளாஸ்டிக்கை, அவள் எட்டாவது மாதத்தில் செய்தெடுத்தாள். அவள்தான் செய்தாள். வேகமாகச் சூடாக்கினால் உள்ளே குமிழி வருகிறது என்று கண்டுபிடித்து, ஒரு பகல் முழுவதும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றினாள். அன்றைக்கு நீ பல்கலைக்கழகக் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தாய். நீயே அதை என்னிடம் சொன்னாய், வெட்கமில்லாமல்.

அடுத்ததாக அது வெயில் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கான இயந்திரம் உங்கள் ஆய்வுகூடத்தில் பழுதாகிக் கிடந்தது. எங்கள் யன்னலோ மேற்குப் பார்த்தது, கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். "இதைவிட நல்ல மெஷின் எங்க கெடைக்கும் அன்ரி?" என்று நஸ்லியா கேட்டாள். பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. ஆறை யன்னல் விளிம்பில் ஒட்டினாள். ஆறை ஒரு தகரப் பேணியில் போட்டு அலுமாரி லாச்சிக்குள் வைத்தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொண்டுபோய் அளந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வெறுங்கண்ணால் பார்த்து என்ன நிறம் என்று அவளுடைய ஆய்வுக் கொப்பியில் எழுத வேண்டும். பென்சன் எடுத்த பிறகு ஒருவரும் என்னிடம் ஒரு வேலை சொன்னதில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, துண்டுகளுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, திகதி போட்டு, கையெழுத்து வைத்து எழுதினேன். முதல் இரண்டு கிழமை மாற்றம் இல்லை. மூன்றாம் கிழமை, எலுமிச்சைத் தண்ணீர் போல ஒரு சாயல். பிறகு வைக்கோல் நிறம். கடைசியில் யன்னல் துண்டுகள் ஆறும் பால் விடாத தேத்தண்ணி போல, பிளேன்டீ நிறம். லாச்சித் துண்டுகள் ஆறும் தெளிவு.

அன்றைக்கு எனக்குக் கவலையாக இருந்தது. நஸ்லியாவுக்கு இல்லை. துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பரவாயில்ல அன்ரி. எங்க உடையுதுண்டு இப்பத் தெரியும். இதையும் சேர்த்து எழுதுவம். அடுத்தமுறை திருத்துவம்" என்றாள். நீ பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு வெளிநாட்டுக் கொம்பனி அந்தப் பிளாஸ்டிக்குக்காக உங்கள் பேராசிரியரோடு கதைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கொள்ளுப்பிட்டி ஹோட்டல் ஒன்றில் விருந்துக்குப் போய்விட்டு வந்து நீ கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "சேர் சொல்லுறார், வெயில் விசயம் இப்ப வேண்டாமாம். உது பிறகு சரிப்படுத்தக்கூடிய சின்னப் பிரச்சினையாம்." நான் கேட்டேன், "நஸ்லியா என்ன சொல்லுறாள்?" நீ சொன்னாய், "அவள் பிடிவாதம், அம்மா. வெயில் கணக்கை விட்டால் கட்டுரையில கையெழுத்துப் போடமாட்டனாம்." அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

கட்டுரை வெளிவந்தது. நஸ்லியாவின் பெயர் அதில் இல்லை. உன் பெயர் முதலாவதாக இருந்தது. நீ அதை அச்செடுத்து, உன் அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாய்.

அவள் வந்தது ஒரு புதன்கிழமை பின்னேரம். மழை. குடை இருந்தும் தோள்வரை நனைந்திருந்தாள். கதவுத் துவாரத்தால் நீதான் முதலில் பார்த்தாய். "நான் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்று கிசுகிசுத்துவிட்டு உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் சொன்னேன், நீ இல்லை என்று. அவள் வாசலில் கிடந்த உன் சப்பாத்தைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

தேத்தண்ணி கொடுத்தேன். அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மெதுவாகத்தான் கதைத்தாள்.

"லாச்சிக்குள்ள வெச்ச ஆறு துண்டுட கணக்க, வெயில்ல வெச்சது எண்டு போட்டிருக்காங்க அன்ரி. என்ட பேர எடுத்தது ஒரு பக்கம். அது பொய் அன்ரி. அந்தப் பொய்ய நம்பி ஆரோ கமரா செய்வாங்க, ஆரோ கண்ணுக்குக் கண்ணாடி செய்வாங்க."

நான் சீனிப் போத்தலை அவள் பக்கம் தள்ளினேன்.

"டீன்கிட்டப் போகப் போறன். கொப்பி என்ட கையில இல்ல, மேசையில இருந்து எடுத்துட்டாங்க. ஆனா நீங்க கண்டீங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒங்கட கையால எழுதினீங்க. நான் வேறொண்டும் கேக்கல்ல. கண்டத மட்டும் வந்து சொல்லுங்க."

மகன், நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஆகவே நான் சொன்ன பதிலும் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், என் கையால் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதற்காக. "பிள்ளை, அவனுக்கு இப்ப விசா வாற நேரம். தகப்பன் இல்லாத பிள்ளை. நீ கெட்டிக்காரி, உனக்கு இன்னொண்டு கிடைக்கும். நாளைக்குக் கலியாணம் கட்டிப் போற பிள்ளைக்கு உந்தப் பிரச்சினையெல்லாம் எதுக்கு?" இதைச் சொன்னது முப்பத்திரண்டு வருடம் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய். விஞ்ஞானம் படியுங்கோ, ஆருக்கும் பயப்பிடாதேயுங்கோ என்று பரிசளிப்பு விழாக்களில் மைக்கைப் பிடித்துக் கத்திய வாய்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. பழுதான மீனைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. "சரி அன்ரி" என்றாள். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைக் கொண்டுபோய்க் குழாயடியில் தானே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள்.

லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் நீ வெளியே வந்தாய். "போயிட்டாளா?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். மத்தியானம் செய்த மீன் கட்லட் இருந்தது. நீ நான்கு சாப்பிட்டாய். நான் இரண்டு. அதன் பிறகு புட்டும் கறியும். நாங்கள் இருவரும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டோம், மகன். ஒரு பெரிய ஆபத்து வாசல்வரை வந்து திரும்பிப் போனது போன்ற நிம்மதியோடு சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டை நினைக்கும்போதுதான் எனக்கு மிக மோசமாகக் குமட்டுகிறது. உனக்கு ஒரு புத்திமதி சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: ஓர் அநியாயத்தைச் செய்துவிட்டுப் பசிக்கிறதென்றால், பயப்படு.

இது அன்றைக்குத் தொடங்கியதில்லை. நீ ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்த காலம். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஏதாவது செய்துகொண்டு போகச் சொன்னார்கள். நீ இரண்டு நாள் பலூனை ஊதி விளையாடிவிட்டு அழுதாய். நான் பாடசாலையிலிருந்து செப்புச் சல்பேற்று கொண்டுவந்து, நூல் கட்டித் தொங்கவிட்டு, மூன்று கிழமை பார்த்துப் பார்த்து, என் உள்ளங்கை அளவு நீலப் பளிங்கு ஒன்று வளர்த்துக் கொடுத்தேன். நடுவர்கள் கேட்டபோது என்ன சொல்ல வேண்டுமென்று பாடமாக்கவும் வைத்தேன். நீ அவ்வளவு அழகாகச் சொன்னாய்! "ஒவ்வொரு நாளும் காலமை எழும்பி நான்தான் பார்த்தனான்." கண் கூடச் சிமிட்டவில்லை. நான் பின்வரிசையில் இருந்து கைதட்டினேன். உன் அப்பா துறைமுக வேலை முடிந்து நேரே அங்கே வந்திருந்தார், சட்டையெல்லாம் வியர்வை. வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் கேட்டார், "முதலாம் பரிசு ஆருக்குக் கிடைச்சது? உமக்கோ, அவனுக்கோ?" நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் பொறாமைப்படுகிறார் என்று என் அக்காவிடம் சொன்னேன். மனுசன் சரியாகத்தான் கேட்டார். அவர் உயிரோடு இருக்கும்போது அதை நான் ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை.

நீ போன பிறகு, பெரிய வியாழனுக்கு முன்பு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வெள்ளவத்தைச் சுவாமிக்கு என் குரல் தெரியும் என்பதால் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பார், பாவத்தைச் சொல்வதற்கும் ஒளித்துப் போனேன். முழந்தாளில் நின்று, "பொய் சொன்னேன் சுவாமி, சின்னச் சின்னப் பொய்கள்" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, முன்பிருந்ததை விட அழுக்காகிவிட்டது போல் இருந்தது.

இப்போது போன மாதத்துக்கு வருவோம். நீ தொலைபேசியில் எடுத்தாய். குளிர், சாப்பாடு, புது அறை எல்லாம் சொன்னாய். கொம்பனிக்காரர் உன் வேலையை வைத்துப் பெரிய அளவில் செய்து பார்க்கப் போகிறார்கள் என்றாய். பிறகு, சும்மா நினைவு வந்தது போல, "அம்மா, என்ட கட்டிலுக்குக் கீழ ஒரு காட்போட் பெட்டி கிடக்கு. உள்ள பழைய பேப்பர்தான். திறக்கத் தேவையில்லை. மாநகரசபை லொறி வரேக்கை போட்டுவிடுங்கோ" என்றாய். நான் ஓம் என்றேன். ஓம் சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு.

திறந்தேன். நஸ்லியாவின் கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் அவளுடைய பெயரும் மாளிகாவத்தை விலாசமும். உள்ளே அவள் எழுதிய எண்கள், நான் எழுதிய நிறங்கள், சனிக்கிழமை சனிக்கிழமையாக என் கையெழுத்து. பக்கத்தில் ஒரு கடித உறையில் பன்னிரண்டு துண்டுகளும். நான் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். நீ ஏன் இதைப் போகுமுன் அழிக்கவில்லை? கடல் நூறு மீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஒரு தீக்குச்சி போதும். உனக்குத் துணிவு வரவில்லை. விஞ்ஞானம் படித்தவனுக்கு ஓர் ஆய்வுக் கொப்பியைக் கிழிக்கக் கை வராது, அந்த அளவுக்காவது உன்னிடம் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று கொஞ்சம் சந்தோசப்படப் பார்த்தேன். அதற்குள் விளங்கியது. நீ அந்த வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் எழுதியதை நானே குப்பை லொறியில் போட வேண்டும். என்றைக்காவது கேள்வி வந்தால், "அம்மா தெரியாமல் எறிஞ்சுபோட்டா" என்று சொல்லலாம். சீ! பளிங்கு வளர்த்துக் கொடுத்த தாயிடம் குப்பை எறியக் கொடுத்திருக்கிறாய்.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்து மாளிகாவத்தைக்குப் போனேன். மூன்றாம் மாடி. படியெல்லாம் உடுப்புக் காய்கிறது. கதவைத் திறந்தது அவளுடைய உம்மா. நான் யாரென்று தெரியாமல், வயதான மனுசி மூச்சு வாங்குகிறாளே என்று கையைப் பிடித்து உள்ளே இருத்தி, தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நஸ்லியா உள்ளே ஆறேழு பெண்பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூசன் எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டத்தை முடிக்கவில்லை. பேராசிரியரை எதிர்த்த பிள்ளையை மேற்பார்க்க ஒருவரும் முன்வரவில்லையாம். என்னைக் கண்டதும் வெண்கட்டியைக் கீழே வைத்தாள். பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு வந்து எனக்கு எதிரே நின்றாள். உட்காரவில்லை.

நான் கொப்பியை நீட்டினேன். அவள் வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பக்க எண்களைச் சரிபார்த்தாள். உறையைத் திறந்து துண்டுகளை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப என்னத்துக்கு அன்ரி?"

"நான் வந்து சொல்லுறன், பிள்ளை. டீனுக்கோ, ஆருக்கோ. கண்டதைச் சொல்லுறன்."

"அண்டைக்குச் சொல்லியிருந்தா நான் ஒங்கட காலப் புடிச்சு அழுதிருப்பன். இப்ப எனக்கு ஒண்டும் வருகுதில்ல." உறையை மடித்துக்கொண்டு சொன்னாள், "ஒங்கட மகனுக்கு வேல போகும். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"ஓம்."

அவள் உள்ளே போய்த் தாளும் பேனையும் கொண்டுவந்து, ரியூசன் மேசையின் ஒரு மூலையைத் துடைத்துத் தந்தாள். "அப்ப எழுதித் தாங்க. வாய்ப்பேச்சு வேணாம்." பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருக்க, அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். யார் துண்டுகளை வைத்தது, எங்கே வைத்தது, நான் எப்படிப் பார்த்தேன், எந்தச் சனிக்கிழமை என்ன நிறம். உன் பெயரையும் எழுதினேன். அவள் வந்த புதன்கிழமையையும், நான் சொன்ன பதிலையும், நீ கதவுக்குப் பின்னால் நின்றதையும் எழுதினேன். என் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். எழுத்து கோழி கிண்டினது போல இருந்தது.

அவள் எடுத்து வாசித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, கொப்பியைத் திறந்து பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தாள். "அன்ரி, அஞ்சாங் கெழம பிளேன்டீ நெறம் எண்டு எழுதியிருக்கீங்க. கொப்பியில அஞ்சாங் கெழம வைக்கோல் நெறம். ஆறாங் கெழமதான் பிளேன்டீ." பேனையை என் பக்கம் தள்ளினாள். "திருத்துங்க. கூட்டிச் சொல்லவேணாம்."

மகன், அந்த இடத்தில்தான் நான் அழுதேன். அவளுக்கு நல்லதாகப் போகிற ஒரு பிழை. ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். வாழ்க்கையில் பாதியை இழந்த பிள்ளை, தன்னுடைய பக்கத்துச் சாட்சியில் ஒரு கிழமை முந்திவிட்டது என்று திருத்தச் சொல்கிறாள். நான் வெட்டித் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தேன். அவள் என்னைத் தேற்றவில்லை. உம்மாதான் ஒரு துவாயைக் கொண்டுவந்து தந்தார். போகும்போது கீழே ஓட்டோ வரைக்கும் நஸ்லியா வந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு வாயில்லை.

அறிக்கையும் கொப்பியின் பிரதியும் போன திங்கட்கிழமை பீடத்துக்குப் போய்விட்டன. உன் பேராசிரியர் அதே பின்னேரம் எனக்கு எடுத்தார். எவ்வளவு மரியாதை! "அம்மா, உங்கட மகன்ட எதிர்காலம்..." என்று தொடங்கினார். நான் வைத்துவிட்டேன். அந்தக் குரலில் எனக்கு என் குரல் கேட்டது. நான் நஸ்லியாவுக்குச் சொன்ன அதே வார்த்தைகள், அதே தேன்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. கால் வீங்குகிறது, கண் மங்குகிறது, இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். நீ இனி எடுக்காமல் விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. அங்கே வந்து உன்னோடு இருக்கச் சொன்னாய். வரமாட்டேன். அந்த வேலையால் வந்த அறையில், அந்த வேலையால் வந்த சோற்றை என்னால் விழுங்க முடியாது. நீ இங்கே வந்தால் கதவு திறந்திருக்கும், சோறும் இருக்கும். ஆனால் மாளிகாவத்தைக்குப் போய்விட்டு வா.

வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. நஸ்லியாவையும் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். உன்னைத் திரையில் எடுப்பார்களாம். முதலில் என்னைக் கேட்பார்கள், நான் சொல்வேன். பிறகு உன்னைக் கேட்பார்கள். அங்கே உனக்கு விடியற்காலையாக இருக்கும். நேரத்துக்கு எழும்பு. முகத்தைக் கழுவி, நல்ல சட்டை ஒன்று போட்டுக்கொண்டு வந்து உட்கார். குனியாதே. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா